அலுவலகத்தில் மத அடையாளமும் அந்தஸ்து அடையாளமும்: ரூல் எழுத உட்காரும் முன் செய்ய வேண்டியவை

யாரோ ஒருவர் புகார் கொடுத்திருப்பார். கவுன்டரில் இருக்கும் பெண் தலையில் துணி கட்டியிருக்கிறார், புதிதாகச் சேர்ந்த பையன் நெற்றி நிறையப் பூசிக்கொண்டு வருகிறான், ஒருவர் கழுத்தில் சிலுவை, இன்னொருவர் கையில் இரும்பு வளையம், இப்படி ஏதாவது ஒன்று. உடனே மேலிடத்திலிருந்து ஒரு வரி வரும்: "இதுக்கெல்லாம் ஒரு ரூல் போட்டுடுங்க." அந்த ரூலைப் போடும் வேலை உங்கள் தலையில் விழுந்திருந்தால் மேற்கொண்டு படியுங்கள். மனிதவளத் துறையில் இருப்பவராக இருக்கலாம், இருபது பேர் வேலை செய்யும் சின்ன நிறுவனத்தின் முதலாளியாகவே இருக்கலாம், ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருக்கலாம். வேலை எல்லாருக்கும் ஒன்றுதான்.

பழைய ரூல் எதையாவது இணையத்தில் தேடிப் பிடித்து, நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றி ஒட்டிவிடும் பழக்கம் இருக்கிறதே, அதை இந்த விஷயத்தில் மட்டும் செய்யாதீர்கள். வேறு எந்த ரூலிலும் தப்பித்துவிடலாம், இதில் மாட்டிக்கொள்வீர்கள்.

முதலில் இரண்டையும் பிரித்து வையுங்கள்

மத அடையாளம் என்பது ஊழியர் தன் வீட்டிலிருந்து உடம்பில் அணிந்து வருவது. அந்தஸ்து அடையாளம் என்பது பெரும்பாலும் நிறுவனமே கையில் எடுத்துக் கொடுப்பது: கேபின், நாற்காலியின் உயரம், பெயர் எழுதிய பார்க்கிங் இடம், ஐடி கார்டு வாரின் நிறம், தனிச் சாப்பாட்டு அறை, பெயருக்குப் பின்னால் ஒட்டும் பதவி. முன்னதில் நிறுவனம் எவ்வளவு குறைவாகத் தலையிடுகிறதோ அவ்வளவு நல்லது. பின்னதில் எவ்வளவு கறாராக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஆனால் நான் பார்த்த வரையில் பல இடங்களில் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. கையில் கட்டிய கயிற்றை அவிழ்க்கச் சொல்லி மெயிலுக்கு மேல் மெயில் போகும், வருடக் கணக்கில் காலியாகவே கிடக்கும் இயக்குநரின் பார்க்கிங் இடத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

மூன்றாவது ஒரு வகையும் உண்டு. ஊழியர் தன் சொந்தக் காசில் வாங்கிய விலை உயர்ந்த கைக்கடிகாரம், போன், கைப்பை, கார். அதை விட்டுவிடுங்கள். பாதுகாப்புக்கோ சுகாதாரத்துக்கோ இடைஞ்சல் இல்லாத வரை உங்களுக்கு அதில் வேலையே இல்லை.

ஒரு சுற்று சுற்றி வாருங்கள், பெரிய கேபினிலிருந்து

எழுத உட்காரும் முன் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அலுவலகத்தை ஒரு சுற்று வாருங்கள். எங்கெங்கே என்னென்ன அடையாளம் இருக்கிறது என்று எழுதுங்கள். மேலே உள்ளவரின் அறையிலிருந்து ஆரம்பிப்பது முக்கியம், ஏனென்றால் கீழிருந்து ஆரம்பித்தால் பாதியிலேயே நிறுத்திவிடுவீர்கள், இது மனித இயல்பு.

நான் பார்த்த ஓர் இடத்தில் வரவேற்பு மேசையில் இருந்தவரை மாலையைச் சட்டைக்குள் போடச் சொன்னார்கள், காரணம் "நம்ம கம்பெனி எல்லாருக்கும் பொதுவானது". சொன்னவரின் அறையில் சுவர் முழுக்கச் சாமிப் படங்கள், மேசையில் ஒரு விளக்கு, வருகிற வாடிக்கையாளரெல்லாம் அதைத் தாண்டித்தான் உட்கார வேண்டும். அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னவர் இல்லை. தன் அறையில் இருப்பது அவர் கண்ணுக்கு அடையாளமாகவே தெரியவில்லை, அது அறையின் ஒரு பகுதி, அவ்வளவுதான். இந்த இடத்தில்தான் மத அடையாளமும் அந்தஸ்து அடையாளமும் ஒன்றாகக் கலக்கின்றன. தன் நம்பிக்கையை யாரையும் கேட்காமல் பெரிதாக வைத்துக்கொள்ளும் வசதியே அங்கே ஓர் அந்தஸ்தாகிவிடுகிறது. பெரும்பான்மையோரின் அடையாளத்துக்கும் இதே கதைதான், அது கண்ணில் படாது. சிறுபான்மையோருடையது மட்டும் தூக்கலாகத் தெரியும்.

அதனால் நோட்டில் ஒவ்வொரு அடையாளத்துக்கு எதிரேயும் அது யாருடையது, அவர் எந்தப் படியில் இருக்கிறார், அதற்கு இதுவரை யாராவது ஆட்சேபம் சொல்லியிருக்கிறார்களா என்று மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சுற்றி முடித்த பிறகு அந்தப் பக்கத்தைப் பார்த்தாலே போதும், யாருக்கு மட்டும் ரூல், யாருக்கு விலக்கு என்பது பளிச்சென்று தெரிந்துவிடும்.

காரணம் என்ன என்று ஒரே வரியில் எழுதிப் பாருங்கள்

தடை போடுவதற்கு முன் "இது ஏன் கூடாது" என்பதற்கு ஒரு வரி எழுதுங்கள். "நன்றாக இல்லை", "ஒரு மாதிரி இருக்கிறது", "புரொஃபஷனலாக இல்லை" என்பவை காரணங்கள் இல்லை. இயந்திரத்தில் சிக்கும், கை கழுவ முடியாது, முகக்கவசம் முகத்தோடு ஒட்டாது, மின்சாரம் பாயும், இவையெல்லாம் காரணங்கள்.

இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2013 ஜனவரி 15 அன்று ஒரே தீர்ப்பில் சொன்ன இரண்டு முடிவுகளைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. இரண்டும் பிரிட்டனில் நடந்தவை, இரண்டிலும் ஒரு பெண், இரண்டிலும் கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை.

முதலாவது பிரிட்டிஷ் ஏர்வேஸில் பயணிகளைப் பதிவு செய்யும் கவுன்டரில் வேலை பார்த்தவர். யூனிஃபார்முக்கு மேலே சிலுவை தெரிந்ததால் 2006 செப்டம்பரில் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள், சம்பளமும் இல்லை. இடையில் யூனிஃபார்ம் தேவைப்படாத, வாடிக்கையாளரைப் பார்க்க வேண்டியிராத ஒரு மேசை வேலையைத் தருகிறோம் என்றார்கள், அவர் மறுத்துவிட்டார். இதே நிறுவனம் சீக்கிய ஊழியர்களுக்குத் தலைப்பாகையையும், முஸ்லிம் பெண்களுக்கு அனுமதித்த நிறத்தில் தலைத்துணியையும் முன்பே ஏற்றிருந்தது. 2007 பிப்ரவரியில் நிறுவனம் தன் ரூலையே மாற்றிச் சிலுவையையும் அனுமதித்துவிட்டது. நீதிமன்றம் பிடித்துக்கொண்டது அந்த இடத்தைத்தான்: இவ்வளவு சுலபமாக மாற்ற முடிந்த ரூல் என்றால் அது அத்தனை அவசியமானதாக இருந்திருக்க முடியாதே. வழக்கில் அந்தப் பெண் பக்கம் தீர்ப்பானது.

இரண்டாவது பெண் முதியோர் வார்டில் நர்ஸ். பல வருடங்களாக அதே சங்கிலியைத்தான் போட்டிருந்தார். 2007-இல் மருத்துவமனை கழுத்து இறக்கமான புது யூனிஃபார்மைக் கொண்டுவந்தது, அதுவரை மறைந்திருந்த சங்கிலி வெளியே தெரிய ஆரம்பித்தது, பிரச்சினையும் ஆரம்பித்தது. மருத்துவமனை சொன்ன காரணம் வேறு மாதிரி: நோயாளி பிடித்து இழுக்கலாம், தொங்கும் சிலுவை திறந்த புண்ணில் படலாம். அவர்கள் மாற்று வழியும் சொன்னார்கள், சட்டையில் ஊசி மாதிரிக் குத்திக்கொள்ளலாம், அல்லது உள்ளே உயர்ந்த கழுத்துள்ள பனியன் போட்டு அதற்குள் விட்டுக்கொள்ளலாம் என்று. அவர் ஏற்கவில்லை. நீதிமன்றம் மருத்துவமனை பக்கம் நின்றது.

சிலுவை ஒன்றுதான், முடிவு இரண்டு. உங்கள் ரூலுக்கு நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி, இந்த இரண்டில் எதன் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். தோற்றத்துக்காக என்றால் விட்டுவிடுங்கள். பாதுகாப்புக்காக என்றால் அடுத்த படிக்குப் போங்கள்.

பாதுகாப்பு என்றாலும் முதல் பதில் "கழற்று" என்று இருக்கக் கூடாது

பாதுகாப்பு என்ற சொல்லைச் சொல்லிவிட்டால் விவாதம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். அங்கேதான் வேலையே ஆரம்பிக்கிறது.

ஒவ்வொரு அபாயத்துக்கும் அதை மட்டும் தீர்க்கும் வழி ஒன்று பெரும்பாலும் இருக்கும். தொங்கும் சங்கிலி ஆபத்து என்றால், இழுத்தால் தானே விடுபடும் கொக்கி போட்ட சங்கிலி, அல்லது ஊசியாகக் குத்துவது. நீளமான தலைத்துணி இயந்திரத்தில் சிக்கும் என்றால், தலையோடு ஒட்டி நிற்கும், முனை தொங்காத வகை. கையில் வளையம் என்றால் பிரிட்டனின் அரசு மருத்துவத் துறை நல்ல வழி காட்டியிருக்கிறது. நோயாளியைத் தொடும் வேலையில் முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது என்று 2007-இல் கறாரான ரூல் கொண்டுவந்தார்கள். அப்புறம் 2010-இல் அதை விளக்கி, சீக்கியரின் கடா வளையத்தைக் கை கழுவும்போதும் நோயாளியைத் தொடும்போதும் கையில் மேலே தள்ளி நகராதபடி வைத்துக்கொள்ளலாம், கையை மறைக்க விரும்பும் பெண்கள் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மூடும், ஒரு முறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் மேலுறையைப் போட்டுக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். கை கழுவுவதில் ஒரு துளி சமரசமும் இல்லை, நம்பிக்கையிலும் பெரிய இழப்பு இல்லை.

தாடியும் முகக்கவசமும் கொஞ்சம் கஷ்டமான விவகாரம். முகத்தோடு இறுக ஒட்டி நிற்கும் வகைக் கவசம் தாடி மேல் ஒட்டாது, ஓரத்தில் காற்று கசியும், இது உண்மையான அபாயம். ஆனால் தலை முழுவதையும் மூடி உள்ளே மோட்டார் வைத்துச் சுத்தமான காற்றைத் தள்ளும் தளர்வான கவசத்துக்குத் தாடி தடை இல்லை. விலை கூடுதல், சத்தமும் வரும். வாங்க முடியுமா என்று கணக்குப் போட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள், கணக்கே போடாமல் "முடியாது" என்று சொல்லாதீர்கள்.

ஹெல்மெட்டும் தலைப்பாகையும் இதைவிடப் பழைய சண்டை. பிரிட்டனில் தலைப்பாகை கட்டிய சீக்கியர் கட்டுமான இடத்தில் ஹெல்மெட் போடத் தேவையில்லை என்று 1989-லேயே சட்டம் வந்தது, 2015-இல் அதை ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரித்தார்கள், எரியும் கட்டடத்துக்குள் நுழையும் தீயணைப்பு வேலை மாதிரி சிலவற்றை மட்டும் தள்ளிவைத்தார்கள். எல்லா நாட்டுச் சட்டமும் இப்படி இல்லை, அதனால் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்க்காமல் எந்த விலக்கும் எழுத்தில் கொடுத்துவிடாதீர்கள். சட்டம் இடம் கொடுக்காவிட்டால் அந்த ஒரு வேலையிலிருந்து மட்டும் அவரை மாற்றலாமா என்று அவரையே கேளுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். மதக் கயிற்றை அபாயம் என்று சொல்லிவிட்டு, கல்யாண மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும், ஏன், நீங்களே மாட்டிவிட்ட ஐடி கார்டு வாரையும் அதே இயந்திரத்தின் முன் அனுமதித்தால் உங்கள் காரணம் பொய் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். மோதிரம் சிக்கி விரலின் தோலே உரிந்து வரும் விபத்துகள் பட்டறைகளில் நடப்பவைதான், உலோக மோதிரம் மின்சாரத்தையும் கடத்தும். ஆபத்து என்றால் எல்லாருக்கும் ஆபத்து.

"வாடிக்கையாளர் விரும்பவில்லை" என்றால்

இந்தப் புகாரைக் கொண்டுவருபவர் பாதி நேரம் வாடிக்கையாளரே இல்லை, வாடிக்கையாளர் பெயரைச் சொல்லித் தன் மனசில் இருப்பதைச் சொல்லும் சக ஊழியர். சரி, உண்மையிலேயே வாடிக்கையாளர்தான் சொன்னார் என்றே வைத்துக்கொள்வோம்.

பிரான்ஸில் ஒரு தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் இதுதான் நடந்தது. தலைத்துணி அணிந்த பொறியாளரை வாடிக்கையாளர் இடத்துக்கு அனுப்பினார்கள், அடுத்த முறை துணி இல்லாமல் வரட்டும் என்று அவர்கள் கேட்டார்கள், அவர் கழற்ற மறுத்தார், வேலை போயிற்று. 2017 மார்ச் 14 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் (சிலுவை வழக்கின் மனித உரிமை நீதிமன்றம் வேறு, இது வேறு) சொன்னது: வாடிக்கையாளரின் விருப்பம் என்பது அந்த வேலைக்கான உண்மையான தேவை ஆகாது. அமெரிக்காவிலும் நிலைமை அதேதான். அங்கே இன்னொன்றும் உண்டு, மத அடையாளம் இருக்கிறது என்பதற்காக ஆளை வாடிக்கையாளர் கண்ணில் படாத பின்னறை வேலைக்கு மாற்றுவதும் பாகுபாடுதான். "வேலையை விட்டு எடுக்கவில்லையே, இடத்தைத்தானே மாற்றினோம்" என்பது அங்கே எடுபடாது.

வாடிக்கையாளரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல்தான் பலர் ஊழியரைப் பலி கொடுக்கிறார்கள். ஒரு வரி போதும்: "அவங்க இந்த வேலையில நல்ல அனுபவம் உள்ளவங்க சார், வேலையில ஏதாவது குறை இருந்தா சொல்லுங்க, உடனே பார்க்கிறேன்." அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பத்தில் ஒன்பது பேர் அங்கேயே விட்டுவிடுவார்கள்.

எல்லாருக்கும் எதுவுமே கூடாது என்று போடலாமா

போடலாம், சில இடங்களில். பிரான்ஸில் அரசு ஊழியர்கள் பணியில் மத அடையாளம் எதையும் காட்டக் கூடாது. கனடாவின் கியூபெக் மாநிலம் 2019-இல் போட்ட சட்டம் ஆசிரியர், காவலர், அரசு வழக்கறிஞர் மாதிரி அதிகாரம் உள்ள அரசுப் பணிகளில் மத அடையாளத்தைத் தடை செய்கிறது, அதை எதிர்த்து வழக்குகளும் நடந்தன. தனியார் நிறுவனமும் நடுநிலை ரூல் வைத்துக்கொள்ளலாம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017-இல் ஏற்றது. ஆனால் 2021 ஜூலை 15 தீர்ப்பில் அதைக் கொஞ்சம் இறுக்கியது: நிறுவனத்துக்கு அப்படி ஒரு ரூல் உண்மையிலேயே தேவைப்படுகிறது என்று காட்ட வேண்டும், எல்லா மத, அரசியல், தத்துவ அடையாளங்களுக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், "பெரிய அளவில் எடுப்பாகத் தெரிபவை மட்டும் கூடாது" என்று எழுதினால் அது நேரடிப் பாகுபாடாகவே ஆகலாம்.

அந்தக் கடைசி விஷயம் சட்டம் தெரியாதவர்களும் யோசித்தால் புரியக்கூடியது. சின்ன லாக்கெட் போதும் என்கிற நம்பிக்கைக்காரர் ரூலுக்குள் சௌகரியமாக அடங்கிவிடுவார், தலையை மூட வேண்டும் என்கிற நம்பிக்கைக்காரர் எவ்வளவு முயன்றாலும் அடங்க முடியாது, சின்னத் தலைப்பாகை என்று ஒன்று கிடையாதே. "அடக்கமாக", "கண்ணை உறுத்தாத", "மிதமான" போன்ற சொற்களை ரூலிலிருந்து அடித்துவிடுங்கள். நாளைக்கு ஸ்கேலை எடுத்துக்கொண்டு யாருடைய நெற்றியை அளக்கப் போகிறீர்கள்?

என் சொந்தக் கருத்து, சாதாரண தனியார் நிறுவனத்துக்கு முழுத் தடை தேவையே இல்லை. அதைக் காப்பாற்ற ஆகும் சண்டைக்கு அதனால் கிடைக்கும் நிம்மதி ஈடாகாது.

யூனிஃபார்ம் இருக்கும் இடங்களில் இன்னொரு எளிய வழி உண்டு: தலைத்துணியையும் தலைப்பாகைத் துணியையும் நிறுவனமே யூனிஃபார்ம் நிறத்தில் கொடுத்துவிடுவது. யூனிஃபார்மும் குலையாது, கேள்வியும் எழாது.

அந்தப் பேச்சை எப்படிப் பேசுவது

ரூல் எழுத்தில் எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஊழியரை அழைத்துப் பேசும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் பெரும்பாலும் கெட்டுப்போகிறது. தனியாகப் பேசுங்கள், மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் வேண்டாம், "சும்மா கேக்கிறேன்" என்று டீ குடிக்கும் இடத்திலும் வேண்டாம். அவரைவிட இரண்டு படி மேலே உள்ளவரையும் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள், அப்புறம் அது பேச்சு இல்லை, விசாரணை.

வேலையிலிருந்து ஆரம்பியுங்கள். "இந்த மெஷின்ல சுழல்ற பாகத்துக்குப் பக்கத்துல உங்க கை போகுது, கையில இருக்கிறது சிக்கிடுமோன்னு கவலையா இருக்கு, நீங்க இதை எப்படிப் பார்க்கிறீங்க?" இப்படிக் கேட்டால் பெரும்பாலும் அவரே ஒரு வழி சொல்வார், மேலே ஏற்றிக் கட்டிக்கொள்கிறேன் என்றோ வேலை நேரத்தில் மட்டும் கழுத்துக்கு மாற்றிக்கொள்கிறேன் என்றோ. அவர் நம்பிக்கையில் எதை விடலாம், எதை விட முடியாது என்பது அவருக்குத்தான் தெரியும்.

கேட்கக் கூடாதவையும் உண்டு. "இது உங்க மதத்துல கட்டாயமா?", "உங்க ஆளுங்கதான், அவர் போடலையே, நீங்க மட்டும் ஏன்?", "எந்தச் சாமிக்கு?" இவை எதுவும் உங்கள் முடிவுக்குத் தேவையில்லை. ஒரே மதத்துக்காரர் இருவர் இரு விதமாக இருப்பார்கள், ஒருவரை வைத்து இன்னொருவரை அளக்க முடியாது. பேசி முடித்ததும் என்ன முடிவானது என்று அன்றைக்கே இரண்டு வரி மெயில் அனுப்பிவிடுங்கள், உங்களுக்கும் பாதுகாப்பு, அவருக்கும் பாதுகாப்பு.

ஆள் எடுக்கும்போதும் இதே கதைதான். நேர்காணலில் அடையாளத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். வேலையைச் சொல்லுங்கள், உடை விதியைச் சொல்லுங்கள், "இதில் உங்களுக்கு ஏதாவது மாற்றம் தேவைப்படுமா" என்று எல்லாரையும் ஒரே மாதிரிக் கேளுங்கள். கேட்காமல் மனசுக்குள் ஊகித்து நிராகரித்தாலும் தப்ப முடியாது. அமெரிக்காவில் அபர்குரோம்பி அண்டு ஃபிட்ச் துணிக்கடைக்கு நேர்காணலுக்கு வந்த ஓர் இளம்பெண் கறுப்புத் தலைத்துணி அணிந்திருந்தார், மதத்தைப் பற்றி அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை, தலையில் எதுவும் கூடாது என்ற ரூலைக் காட்டி மாவட்ட மேலாளர் வேண்டாம் என்றுவிட்டார். 2015-இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தெளிவாகத் தெரியாது என்பது சாக்கு ஆகாது, ஊகித்து அதனால் ஒதுக்கினீர்கள் என்றாலே போதும்.

சுவரும் மேசையும்

உடம்பில் இருப்பது ஒன்று, இடத்தில் வைப்பது வேறு. மேசை மேல் சின்னப் படம், கம்ப்யூட்டர் ஓரத்தில் ஒட்டிய ஸ்டிக்கர், இவற்றைக் குடும்பப் படத்தை எப்படி நடத்துகிறீர்களோ அப்படியே நடத்துங்கள். பேரன் படம் வைக்கலாம் என்றால் இதுவும் வைக்கலாம். வரவேற்பறை, மீட்டிங் அறை, வாசல், இவை நிறுவனம் பேசும் இடங்கள், அங்கே இருப்பது நிறுவனத்தின் பேச்சாகவே எடுத்துக்கொள்ளப்படும். அங்கே ஒன்றை வைத்தால் மற்றவர்கள் கேட்கும்போதும் வைக்கத் தயாராக இருக்க வேண்டும், இல்லையென்றால் எதையுமே வைக்காமல் இருங்கள்.

மேலதிகாரிக்கு மட்டும் ஒரு கூடுதல் கட்டுப்பாடு நியாயமானது. அவர் மேசையில் இருக்கும் அதே படம் சம்பள உயர்வு கேட்டு எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு வேறு மாதிரித் தெரியும். அவர் தன் உடம்பில் அணிவதை அணிந்துகொள்ளட்டும், ஆனால் எல்லாரும் வந்து உட்கார வேண்டிய அறையை ஒரு வழிபாட்டு இடமாக ஆக்குவதையும், மீட்டிங்கைத் தன் பிரார்த்தனையோடு தொடங்குவதையும், "எல்லாரும் இதைக் கட்டிக்கோங்க, நல்லது" என்று கொண்டுவந்து கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும். கொடுப்பவர் அன்பாகத்தான் கொடுப்பார், வாங்குபவருக்கு வேண்டாம் என்று சொல்லும் வழிதான் இருக்காது.

சில அடையாளங்கள் மதத்தோடு நிற்காமல் குழு அடையாளமாக மாறும். ஒரே நிறத்தில் கயிறு கட்டியவர்கள் ஒன்றாகச் சாப்பிடுவது, ஷிஃப்ட் மாற்றிக்கொள்வது, மற்றவரை ஒதுக்குவது என்று போகும். அப்போதும் கயிற்றைப் பிடிக்காதீர்கள், ஒதுக்குவதைப் பிடியுங்கள். கயிற்றைத் தடை செய்தால் நாளைக்கு அதே குழு பேனாவின் நிறத்தில் திரளும்.

இப்போது நிறுவனம் கொடுக்கும் அடையாளங்கள்

இங்கேதான் நீங்கள் கறாராக இருக்க வேண்டிய இடம், இங்கேதான் எதிர்ப்பும் மேலிருந்து வரும்.

நோட்டில் எழுதியதை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் "இது வேலைக்குத் தேவையா, பதவிக்குத் தேவையா" என்று கேளுங்கள். கதவு மூடிய அறை தேவைதான், சம்பளம் பேச, ஒருவரைக் கண்டிக்க, ரகசியக் கணக்கு பார்க்க. அப்படியானால் அறையை அந்தப் பேச்சுக்குக் கொடுங்கள், யார் வேண்டுமானாலும் முன்பதிவு செய்து பயன்படுத்தட்டும். வாசல் அருகே பார்க்கிங் யாருக்காவது ஒதுக்க வேண்டுமா? மாற்றுத்திறனாளிகளுக்கு, கர்ப்பிணிகளுக்கு, நள்ளிரவில் ஷிஃப்ட் முடிந்து தனியாகப் போகிறவர்களுக்கு ஒதுக்குங்கள். நல்ல நாற்காலி, ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்கிறாரா என்பதைப் பார்த்துத் தர வேண்டியது, பெரும்பாலான நேரம் மீட்டிங்கிலும் வெளியூரிலும் இருப்பவருக்கு விலை உயர்ந்த நாற்காலியும் எட்டு மணி நேரம் டேட்டா அடிப்பவருக்கு ஆடும் நாற்காலியும் என்பது அபத்தம்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்பவர்களுக்கு: இன்டெல் நிறுவனத்தில் ஆண்டி குரோவ் தலைமை நிர்வாகியாக இருந்தபோதும் மற்றவர்களைப் போலத் தடுப்பு வைத்த மேசையில்தான் உட்கார்ந்தார், யாருக்கும் தனிப் பார்க்கிங் இல்லை. ஹோண்டாவின் தொழிற்சாலைகளில் மேலாளரும் தொழிலாளியும் ஒரே வெள்ளை யூனிஃபார்ம் போட்டு ஒரே கேன்டீனில் சாப்பிடுவது பழைய வழக்கம். டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து 1984-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ஆலையில் அதிகாரிகளுக்கென்று தனிச் சாப்பாட்டு அறையும் தனிப் பார்க்கிங்கும் எடுத்துவிடப்பட்டன. இவையெல்லாம் லாபத்துக்கு நடந்த நிறுவனங்கள், ஆசிரமங்கள் இல்லை. அங்கே மேலே கீழே என்பது இல்லாமல் போய்விடவும் இல்லை, சம்பளமும் அதிகாரமும் வேறுவேறுதான். கண்ணில் குத்தும் சில்லறை வித்தியாசங்களை மட்டும் எடுத்தார்கள்.

எனக்கு மிகவும் உறுத்துவது ஐடி கார்டு வாரின் நிறம். நிரந்தர ஊழியருக்கு ஒரு நிறம், கான்ட்ராக்ட் ஆட்களுக்கு ஒன்று, பயிற்சியாளருக்கு ஒன்று. கேட்டால் பாதுகாப்பு என்பார்கள். எந்தக் கதவு யாருக்குத் திறக்க வேண்டும் என்பதைக் கார்டுக்குள் இருக்கும் சிப் பார்த்துக்கொள்ளும், அதற்குக் கழுத்தில் நிறம் எதற்கு? அந்த நிறம் செய்கிற ஒரே வேலை, லிஃப்டில் ஏறியதும் யாருக்கு வணக்கம் சொல்ல வேண்டும், யாரைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று மற்றவர்களுக்குச் சொல்வது. துப்புரவு செய்பவருக்கும் நிர்வாகிக்கும் ஒரே வார் கொடுத்துப் பாருங்கள், செலவு ஏறக்குறைய ஒன்றும் இல்லை. கார்டில் பெயரைப் பெரிதாகவும் பதவியைச் சிறிதாகவும் அச்சடித்தால் இன்னும் நல்லது.

எல்லா அடையாளத்தையும் பிடுங்கிவிடவும் வேண்டாம். இருபத்தைந்து வருடச் சேவைக்கு என்று சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜ், முதலுதவி தெரிந்தவர் என்று காட்டும் பட்டை, பயிற்சி முடித்ததற்கான சான்று, இவை சம்பாதித்தவை அல்லது பயன்படுபவை. இவற்றைத் தொட்டால் நியாயமான கோபம் வரும். சம்பள உயர்வுக்குப் பதில் "சீனியர்", "லீட்", "அசோசியேட் துணைத் தலைவர்" என்று பெயரை மட்டும் நீட்டிக் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள், கொஞ்ச காலத்தில் அலுவலகத்தில் தலைவர் இல்லாத ஆளே இருக்க மாட்டார்.

எடுக்கும்போது மேலிருந்து எடுங்கள், ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுக்காதீர்கள். முதலில் நிர்வாக இயக்குநரின் பார்க்கிங் பலகை போகட்டும், அடுத்த மாதம் தனிச் சாப்பாட்டு அறை, அப்புறம் மற்றவை. நடுவில் இருக்கும் மேலாளர்களின் கேபினில் முதலில் கை வைத்தீர்களோ, செத்தீர்கள், அவர்கள் பதினைந்து வருடம் காத்திருந்து வாங்கிய அறை அது.

ரூலை எழுதுவது

இவ்வளவும் முடித்த பிறகு ரூல் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். மோசமான வாக்கியம் இப்படி இருக்கும்: "ஊழியர்கள் மத அடையாளங்களைத் தவிர்த்து நாகரிகமாக வர வேண்டும்." இதில் எது அடையாளம், எது நாகரிகம், யார் முடிவு செய்வார், எதற்காக, ஒன்றும் இல்லை, போதாக்குறைக்கு இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர் என்று வேறு சொல்லாமல் சொல்கிறது. இதற்குப் பதில் இப்படி எழுதலாம்: "சுழலும் இயந்திரங்களில் வேலை செய்யும்போது கழுத்திலும் மணிக்கட்டிலும் தொங்கும் எதையும், மோதிரம், கைக்கடிகாரம், ஐடி கார்டு வார் உட்பட, யாரும் அணியக் கூடாது. நம்பிக்கை காரணமாகக் கழற்ற முடியாதவர்கள் பாதுகாப்பு அலுவலரிடம் சொன்னால் ஏழு நாளுக்குள் மாற்று வழி பேசி முடிவு செய்யப்படும். அதுவரை அவருக்கு வேறு வேலை தரப்படும், சம்பளம் குறையாது."

எந்த வேலைக்கு, என்ன பொருள், எல்லாருக்கும் பொருந்துமா, யாரிடம் கேட்பது, எத்தனை நாளில் பதில், முடிவு பிடிக்கவில்லை என்றால் அடுத்து யார், இத்தனையும் அதில் இருக்க வேண்டும். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். செலவு அதிகம் என்று மறுக்கிறீர்கள் என்றால் தொகையைப் போட்டே சொல்லுங்கள். அமெரிக்காவில் 2023-க்கு முன்பு சிறு செலவைக் காட்டியே மறுத்துவிட முடிந்தது, அந்த ஆண்டு அங்குள்ள உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தி, நிறுவனத்தின் அளவுக்கு அது கணிசமான சுமை என்று காட்ட வேண்டும் என்றது. சக ஊழியருக்கு அந்த மதம் பிடிக்கவில்லை என்பதும் சுமைக் கணக்கில் வராது என்றது.

நாட்டுக்கு நாடு சட்டம் மாறும் என்பதால் கடைசி வரைவை ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். அதற்கு முன் அதே வரைவை உங்கள் செக்யூரிட்டி, வரவேற்பாளர், ஷிஃப்ட் தொழிலாளி என்று மூன்று பேரிடம் காட்டுங்கள், ரூல் முதலில் விழுவது அவர்கள் மேல்தான்.

வருடத்துக்கு ஒரு முறை எத்தனை பேர் மாற்று வழி கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, மறுக்கப்பட்டவர்கள் எந்தப் படியில் இருப்பவர்கள் என்று பாருங்கள். ஒருவருமே கேட்கவில்லை என்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மூடி வைத்துவிடாதீர்கள், யாரிடம் கேட்பது என்றே பல பேருக்குத் தெரியாமல் இருக்கலாம். அந்தப் பொறுப்பாளரின் பெயரையும் அவர் உட்காரும் இடத்தையும் ரூலின் முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள், ஆள் மாறினால் அந்த வரியையும் அன்றைக்கே மாற்றுங்கள்.